ஐந்து முறை சர்வீஸ் விட்டும் தீராத பிரேக் கோளாறு: புது கார் கேட்கலாமா, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயாவுக்கு,

நான் நாமக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. பதினாறு மாதத்துக்கு முன்பு என் கணவர் பெயரில் ஒரு கார் வாங்கினோம். ஷோரூம் பில்லில் விலை 9 லட்சத்து 60 ஆயிரம். பாதிக்கு மேல் வங்கிக் கடன். பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். 2,800 கிலோமீட்டரிலேயே பிரேக் பெடல் மெத்தென்று இறங்க ஆரம்பித்தது. ஏர் எடுத்துவிட்டு, ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். 6,500இல் முன்பக்க இடது சக்கரத்து பிரேக் பேட் மட்டும் தேய்ந்துபோனது. பேட் மாற்றி, பணமும் வாங்கிக்கொண்டார்கள். 11,000இல் நாமக்கல் பேருந்து நிலையம் பக்கம் சிக்னலில் நிற்கும்போது பெடல் தானாகக் கீழே போனது. "செக் பண்ணிட்டோம், நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். 14,500இல் மறுபடி அதே இடது பேட், கூடவே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிப் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு. அப்போது மாஸ்டர் சிலிண்டரை வாரண்டியில் மாற்றினார்கள். போன மாதம், 21,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பெடல் தரை வரை போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்து, ஓரச் சுவரில் உரசி நிறுத்தினேன். அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். சர்வீஸ் சென்டரில் "மலையில பிரேக்கை அதிகமா மிதிச்சிருப்பீங்க மேடம்" என்கிறார்கள். புது கார் அல்லது பணம் திரும்பக் கிடைக்குமா? யார் மேல் வழக்குப் போடுவது? என் தம்பிக்குத் தெரிந்த மெக்கானிக் பிரித்துப் பார்க்கலாம் என்கிறார். கணவரோ எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம் என்கிறார். வழி சொல்லுங்கள்.

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒரு வரி இல்லை. அந்தக் கார் இப்போது ஓடாமல் நிற்கிறதா? நீங்கள் அதைச் சொல்லவில்லை. நிற்கவில்லை என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பள்ளிக்குப் பேருந்தில் போங்கள், கொஞ்ச நாள் சிரமம்தான். உயிர் பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, சட்டக் காரணமும் இருக்கிறது. வண்டியில் ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தே சாலையில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவின்படி அது குற்றம். அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. "பிரேக் போய்விட்டது, என் தப்பில்லை" என்று சொல்லித் தப்பவும் முடியாது. முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாத, மறைந்திருந்த கோளாறு அது என்பதையும், தான் வண்டியை ஒழுங்காகப் பராமரித்ததையும் உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லிவிட்டது. ஐந்து முறை சர்வீஸ் சென்டருக்குப் போன நீங்கள் "எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வீர்கள்? காப்பீட்டு நிறுவனமும், வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது பாலிசிதாரரின் பொறுப்பு என்ற நிபந்தனையைக் காட்டி, உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் தர மறுக்கப் பார்க்கும்.

அடுத்த முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வாரண்டியோடு வந்த ரோட் சைட் அசிஸ்டன்ஸ் எண்ணுக்குப் போன் செய்து, டோயிங் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பிரேக் நம்ப முடியாத நிலையில் இருந்ததால் இழுத்துப் போனார்கள் என்பதற்கு அந்த ரசீதே சாட்சி ஆகிவிடும்.

இனி ஜாப் கார்டு, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரையும் செய்யும் வேலையையும் எழுதும் தாள். கார் வழக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான். வழக்கறிஞர் என்ன வாதாடுகிறார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் என்னிடம் வந்தார். எட்டு முறை பிரேக்குக்காக வண்டியை விட்டவர். ஜாப் கார்டுகளைப் பார்த்தால் ஆறில் "ஜெனரல் செக்கப்", "வாட்டர் வாஷ்" என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் வாயால் சொன்ன எதையும் சர்வீஸ் அட்வைசர் எழுதவில்லை, இவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டு முறை பட்ட அவஸ்தை காகிதத்தில் இரண்டு முறையாகச் சுருங்கிவிட்டது. அந்த வழக்கில் சொற்ப இழப்பீடுதான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்.

ஆகவே உங்களிடம் இருக்கும் ஐந்து ஜாப் கார்டையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் புகார் எந்த வார்த்தையில் ஏறியிருக்கிறது, கிலோமீட்டர் எவ்வளவு, எந்தத் தேதியில் விட்டீர்கள், எந்தத் தேதியில் எடுத்தீர்கள், என்ன பாகம் மாற்றினார்கள் என்று பாருங்கள். ஏதாவது ஒன்று தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். உங்கள் வண்டி எண்ணுக்கான முழு சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தபோது ஸ்கேனர் போட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதியையும் கேளுங்கள். தரவில்லை என்றால், கேட்டும் தரவில்லை என்பதே நுகர்வோர் ஆணையத்தின் முன் உங்களுக்குச் சாதகமாகப் பேசும். போனில் பேசுவதை இனி விட்டுவிடுங்கள். சர்வீஸ் சென்டருக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதுங்கள். அதே மின்னஞ்சலை கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது "முழுத் திருப்தி" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "கோளாறு தீர்ந்ததா என்பது ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும்" என்று கையால் எழுதி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பையன் முகம் சுளிப்பான், பரவாயில்லை. மறுநாள் போன் வரும், "பத்துக்குப் பத்து மார்க் கொடுங்க மேடம், இல்லன்னா என் இன்சென்டிவ் போயிடும்" என்று கெஞ்சுவார்கள். அவர்கள் மேல் நமக்கும் இரக்கம் உண்டுதான். ஆனால் நீங்கள் கொடுத்த அந்தப் பத்தைத்தான் நாளைக்கு எதிர்த்தரப்பு ஆவணமாகத் தாக்கல் செய்யும்.

சரி, உங்கள் வண்டிக்கு என்னதான் கோளாறு? நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் இருபது வருடமாக இந்த மாதிரி வழக்குகளில் நிபுணர் அறிக்கைகளைப் படித்துப் படித்து ஓரளவு தெரியும். நீங்கள் எழுதியதில் இரண்டு அடையாளங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, பெடல் இறங்குவது. மற்றொன்று, முன்பக்க இடது பேட் மட்டும் தேய்வது. பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது, ஆயில் அளவோ குறையவில்லை என்றால், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீலைத்தான் வழக்கமாகச் சந்தேகிப்பார்கள். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, உள்ளுக்குள்ளேயே அழுத்தம் தப்பிப் போகும். ஒரே சக்கரத்தில் பேட் கரைகிறது என்றால் அங்கே பேட்டை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனோ, அது நகரும் பின்னோ இறுகியிருக்கலாம், அல்லது அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ் (ரப்பர் குழாய்) உள்ளே ஊதியிருக்கலாம். பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் கொதிக்கும்.

அந்தச் சூடுதான் கொல்லிமலையில் நடந்ததை விளக்கக்கூடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். ஆவி அழுந்திக்கொடுக்கும் என்பதால் நீங்கள் மிதிக்கும் அழுத்தம் சக்கரம் வரை போகாது, பெடல் தரைக்குப் போய்விடும். சர்வீஸ் சென்டர் சொல்வதும் இதைத்தான், ஆனால் பழியை உங்கள் காலில் போடுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் மேல் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் நல்ல வண்டிக்கும் இப்படி ஆகலாம் என்பது உண்மைதான். எனவே குறுக்கு விசாரணையில் வரும் முதல் கேள்வி, "எந்த கியரில் இறங்கினீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். இப்போதே, ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மலை மேலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த கியர், வண்டியில் எத்தனை பேர், எத்தனையாவது வளைவு, அதற்கு முன் கருகிய வாசனை வந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து. உண்மையை உள்ளபடி எழுதுங்கள், உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சரி.

அவர்கள் வாதத்துக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாமக்கல் சிக்னலில் மலை இல்லை. 2,800 கிலோமீட்டரில் பெடல் இறங்கியபோதும் மலைக்குப் போனதாக நீங்கள் எழுதவில்லை. ஓட்டுகிறவர் பிரேக்கை அதிகமாக மிதிப்பவர் என்றால் இடது, வலது இரண்டு பேட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தேயும். யாருடைய கால் பழக்கமும் ஒரே ஒரு சக்கரத்தைத் தேர்ந்தெடுத்துத் தேய்க்காது. "பேட் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது" என்பார்கள். பேட் வராமல் போகட்டும். பேட்டைத் தின்கிற காலிப்பர் வாரண்டியில் வருமே. இரண்டு முறை பேட் மாற்றியவர்கள் அது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்று பார்க்காமல் விட்டது சேவைக் குறைபாடு. இதை நான் உறுதியாகச் சொல்வேன். இயந்திரத்துக்குள் சரியாக எது கெட்டிருக்கிறது என்பதை மட்டும் நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் தம்பியின் நண்பர் வண்டியைப் பிரிக்க வேண்டாம் என்கிறேன். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். பக்கத்தில் நின்று பார்க்கட்டும், போட்டோ எடுக்கட்டும், சக்கரச் சூட்டை அளந்து பார்க்கட்டும். ஸ்பேனர் மட்டும் போடக் கூடாது. வெளியாள் கைவைத்துவிட்டார் என்ற ஒரு காரணம் போதும், வாரண்டியை மறுக்கவும் கோளாறுக்கே அவர்தான் காரணம் என்று திருப்பவும். கம்பெனிக்காரர்கள் பாகம் மாற்றும்போது நீங்கள் கூட இருங்கள். கழற்றிய பழைய பேட்டைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பணம் கொடுத்து மாற்றிய பேட் உங்கள் பொருள், அதைக் கையோடு வாங்கிவாருங்கள். வாரண்டியில் மாற்றிய பாகத்தை அவர்கள் திருப்பித் தர மாட்டார்கள், பாக எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. புது கார் கிடைக்குமா? அமெரிக்காவில் "லெமன் சட்டம்" என்று ஒன்று உண்டு. புது வண்டியில் ஒரே கோளாறு இத்தனை முறை சரிசெய்தும் தீரவில்லை என்றால் மாற்று வண்டியோ பணமோ கொடுக்க வேண்டும் என்று மாநிலத்துக்கு மாநிலம் எண்ணிக்கையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் கார்களுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தான் நம் கருவி. அதன் 39வது பிரிவின்படி ஆணையம் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். எதை விதிப்பது என்பது சாட்சியத்தைப் பொறுத்தது.

2006இல் மாருதி உத்யோக் நிறுவனத்தின் கார் ஒன்றில் வந்த கோளாறு பற்றிய வழக்கில், கம்பெனி கொடுத்த வாரண்டி பாகத்தைச் சரிசெய்து தருவது அல்லது மாற்றித் தருவது என்ற அளவில்தான் இருக்கிறது, ஆகவே முழு காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் கம்பெனியின் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். உங்கள் வழக்கிலும் நீட்டுவார்கள். ஆனால் 2010இல் ஃபியட் கார் வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், சார்பில்லாத தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பார்க்கட்டும், உள்ளார்ந்த உற்பத்திக் கோளாறு என்று அவர் சொன்னால் விலையை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. பெரிய மோதலில் ஏர்பேக் விரியவில்லை. விபத்தின் தன்மையே குறையைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு, இழப்பீட்டோடு வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. உயிர்காக்கும் பாகம் வேலை செய்யாமல் போவதை நீதிமன்றம் ஜன்னல் கண்ணாடி இறங்காத புகார்போலப் பார்ப்பதில்லை. பிரேக்கும் அந்த வகைதான். உங்கள் பலம் அங்கே இருக்கிறது.

இருந்தாலும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். பதினாறு மாதம், 21,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு முழு விலையும் அப்படியே திரும்பும் என்று நம்பிக்கொண்டு வர வேண்டாம். பயன்படுத்திய காலத்துக்காகக் கொஞ்சம் கழிக்கலாம். அதனால் மனுவில் கோரிக்கையைப் படிப்படியாக வைப்போம். முதலில் விலையைத் திருப்பித் தர வேண்டும். அது இல்லையென்றால் அதே மாதிரியான புது வண்டி. அதுவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஹோஸ், ஏபிஎஸ் யூனிட் உட்பட பிரேக் அமைப்பை முழுதாக இலவசமாக மாற்றி, நீட்டித்த வாரண்டியும் தர வேண்டும். எதுவானாலும் மன உளைச்சல், வண்டி நின்ற நாட்களின் போக்குவரத்துச் செலவு, பேட்டுக்குக் கொடுத்த பணம், வழக்குச் செலவு ஆகியவை தனி.

அம்மாவின் மணிக்கட்டு வேறு கணக்கு. 2019 சட்டத்தில் "தயாரிப்புப் பொறுப்பு" என்று ஓர் அத்தியாயமே சேர்த்திருக்கிறார்கள். குறையுள்ள பொருளால் ஒருவருக்கு உடற்காயம் ஏற்பட்டால் உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டும். பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அந்த அத்தியாயத்தில் வராது, மனிதருக்கு ஏற்பட்டது வரும். உற்பத்தியில் குறை இருந்தது என்று நாம் காட்டிவிட்டால், அவர்களின் அஜாக்கிரதையைத் தனியாக நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. எனவே அம்மாவின் எக்ஸ்ரே, மருத்துவரின் சீட்டு, மருந்துக் கடை பில், பிசியோதெரபிக்குப் போனால் அந்த ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அன்றைக்கு மருத்துவமனையில் "காரில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது" என்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

யார் மேல் வழக்கு என்று கேட்டிருந்தீர்கள். உற்பத்தியாளர், விற்ற டீலர் இருவர் மேலும். சர்வீஸ் செய்தது வேறு நிறுவனம் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். டீலர் "நாங்கள் தயாரிக்கவில்லை" என்பார். கம்பெனி "டீலர் தனி வியாபாரி, அவர் செய்த தவறுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லும். இந்த இரண்டாவது வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் ஏற்றும் இருக்கிறது. ஆனால் அங்கே பிரச்சினை டீலர் பழைய வண்டியைப் புதிதென்று விற்றது. அதனால்தான் எது உற்பத்திக் குறை, எது சர்வீஸ் குறை என்று மனுவிலேயே பிரித்து எழுத வேண்டும். கார் கணவர் பெயரில் இருப்பதால் அவர் முதல் மனுதாரர். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆகவே நீங்களும் மனுதாரர் ஆகலாம், காயம்பட்ட அம்மாவையும் சேர்த்துவிடலாம்.

மனு போடும் முன் இருவருக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது நல்லது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகைச் சீட்டோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வருகின்றன. அந்த நாட்களில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஷோரூம் சேலத்தில் இருந்தாலும், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய வசதி இது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய். மனுவை இணையத்திலும் தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும், மேல்முறையீடு போனால் வருடக்கணக்கில் இழுக்கும். ஆனால் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகிறவர்கள் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

காலக்கெடுவில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். வழக்குக்கான காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு வருடம். கடைசி ரிப்பேரிலிருந்து எண்ணலாம் என்று வாதாட முடியும்தான், ஆனால் அந்த வாதத்துக்கு வேலை வைக்காமல் முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்து எண்ணி, அதற்குள் போட்டுவிடுவோம்.

மனுவோடு சேர்த்தே, வண்டியை நிபுணரை வைத்துப் பரிசோதிக்கக் கோரும் மனுவையும் தாக்கல் செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுத் தோற்ற வழக்குகள் நிறைய. சட்டத்தின் 38வது பிரிவு ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. மோட்டார் வாகன ஆய்வாளரையோ, பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரையோ நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டணம் முதலில் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். நிபுணரிடம் "வண்டி நன்றாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இடது, வலது காலிப்பர்களின் இழுவை ஒன்றாக இருக்கிறதா, பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்தால் இறங்குகிறதா, ஆயிலில் ஈரம் எவ்வளவு, ஏபிஎஸ் நினைவகத்தில் என்ன கோளாறுக் குறியீடுகள் என்று கேள்விகளை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி தன் ஆளை வைத்துக் கொடுக்கும் "எல்லாம் சரி" அறிக்கைக்குச் சார்பில்லாத நிபுணரின் அறிக்கை அளவுக்கு மதிப்பில்லை.

இன்னொரு வேலையை இன்றே செய்துவிடலாம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, உங்கள் வண்டி ஏதாவது ரீகாலில் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வருகிறதா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் மாருதி சுசுகி, பின்பக்க பிரேக்கின் ஒரு பின்னில் குறை இருக்கலாம் என்று 9,925 கார்களைத் தானாகவே திரும்ப அழைத்தது. அப்படி அறிவிப்பு இருந்தால் கோளாறைக் கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரி. இல்லையென்றாலும் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் ரீகால் புகார் பதியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, ஒரே மாதிரியான புகார்கள் போதிய அளவு சேர்ந்தால் கட்டாயமாகத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிட முடியும். உங்கள் ஒருவரின் புகாரால் நாளைக்கே எதுவும் நடக்காது. ஆனால் இதே வண்டியை வேறு ஊரில் ஓட்டும் இன்னொருவரின் புகாரோடு அது சேரும்.

கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கார் ஓடவில்லை என்பது வங்கிக்குக் காரணமாகாது. சிபில் எனும் கடன் மதிப்பெண் கெடும், வண்டியை எடுத்துப் போனால் வழக்கின் முக்கிய சாட்சியமே போய்விடும்.

எக்ஸ்சேஞ்ச் பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது வண்டியை விற்றவர்கள், நுகர்வோர் என்ற தகுதியையே இழந்துவிட்டதாகத் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்ன தீர்ப்புகள் உண்டு. வழக்கே போடாமல் விற்றால் அந்தச் சிக்கல் இல்லை, பாதி விலையாவது கையில் வரும். அவர் களைத்துப்போய்த்தான் அப்படிச் சொல்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் போன வண்டி உடைத்துப் போடப்படுவதில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, வேறொரு குடும்பத்துக்கு விற்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து மலை இறங்குவார். பிரேக் கோளாறை எழுத்தில் சொல்லி விற்க அவர் தயார் என்றால் விற்கட்டும். மறைத்து விற்க நான் யோசனை சொல்ல மாட்டேன்.

ஜாப் கார்டுகள், ஷோரூம் பில், ஆர்.சி., காப்பீடு, வாரண்டி புத்தகம், வங்கிக் கடன் கடிதம், அம்மாவின் மருத்துவ ஆவணங்கள், நீங்கள் எழுதி வைக்கும் கொல்லிமலைக் குறிப்பு: எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கொடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் நீங்களே ஆணையத்தில் வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. வருமான வரம்பு எதுவும் இல்லாமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். அசல் எதையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், சர்வீஸ் சென்டரில் கேட்டாலும்கூட.